மேஸ்திரி உடைத்த பூசணிக்காய்

அந்தக் கறையின்மேல் இப்போது கண்ணாடி பதித்திருக்கிறார்கள். சுற்றிலும் பித்தளைக் கம்பி, மேலே ஒரு சின்ன விளக்கு, பக்கத்தில் அரபியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய பலகை. போன மாதம் துபாயில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, மனைவியோடு அந்த மியூசியத்தில் போய் நின்றேன்.

எழுபதுகளின் நடுவில் நான் துபாயில் ஒரு கட்டடக் கம்பெனியில் கிளார்க். பல தலைமுறைகளுக்கு முன்பு மார்க்க அறிஞர்கள் தங்கி ஓதிய மடமாம் அந்தக் கட்டடம். பின்னாளில் ஒரு முத்து வியாபாரியின் கைக்கு வந்து பேரீச்சந்தோட்டத்து மாளிகையானது. அதை மியூசியமாக்கும் வேலை எங்கள் கம்பெனிக்குக் கிடைத்தது. மேஸ்திரி புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். சுவரை விரலால் தட்டியே எங்கே உப்பு அரித்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆங்கிலம், இந்தி எதுவும் தெரியாது. வெள்ளைக்கார என்ஜினியர் அவரிடம் பேசுவதும் அவர் என்ஜினியரிடம் பேசுவதும் என் வாய் வழியாகத்தான்.

ஒரு நாள் சாரத்திலிருந்து ஒருவன் விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். மறுநாள் மற்றவர்கள் ஏற மறுத்தார்கள். "ஒரு பூசணிக்காய சுத்தி உடைச்சாத்தான் பயலுவ ஏறுவானுவ தம்பி" என்றார் மேஸ்திரி. நானே சந்தையில் அலைந்து வாங்கி வந்தேன். மஞ்சளும் குங்குமமும் கரைத்து உள்ளே ஊற்றி, வழக்கப்படி வாசலுக்கு வெளியே உடைக்கக் கிளம்பினார். தெருவில் யாராவது பார்த்தால் வம்பாகிவிடுமே என்று எனக்குப் பயம். "உள்ளயே உடைங்க மேஸ்திரி" என்றேன். "சுத்துனத உள்ள உடைக்கப்படாது தம்பி" என்று தயங்கினார். "நான் பாத்துக்கிறேன்" என்றேன். வியாபாரியின் வரவேற்புக் கூடத்து மூலையில் உடைத்தார். சனிக்கிழமை கழுவிக்கொள்ளலாம் என்று கதவைப் பூட்டிவிட்டு வந்தோம். அன்று வியாழன், மறுநாள் விடுமுறை.

சனிக்கிழமை என்ஜினியர்தான் முதலில் கதவைத் திறந்தார். வெக்கையில் பூசணிக்காய் கூழாகப் புளித்து, ஈ மொய்த்து, புழு நெளிந்துகொண்டிருந்தது. அந்த நாற்றம் இன்னும் என் மூக்கைவிட்டுப் போகவில்லை. மேஸ்திரி அதை வெறுங்கையால் வழித்தெடுத்தார். அடியில் தரை ரத்தச் சிவப்பு. அது சுண்ணாம்புத் தரை. மஞ்சள் சுண்ணாம்பில் பட்டால் சிவக்கும் என்று ஆரத்தி கரைக்கும் வீட்டில் குழந்தைக்கும் தெரியும். எங்கள் இரண்டு பேருக்குமே அன்றைக்கு அது தோன்றவில்லை. எத்தனை தேய்த்தும் கறை போகவில்லை.

யாரைக் கேட்டு இங்கே உடைத்தான் என்று என்ஜினியர் கத்தினார். மேஸ்திரி என்னைப் பார்த்து, "வெளியதான் உடைக்கப் போனேன், நீங்கதான் உள்ள உடைக்கச் சொன்னீங்கன்னு உள்ளத சொல்லிருங்க தம்பி. படிச்ச புள்ள, உங்கள ஒண்ணும் செய்ய மாட்டாங்க" என்றார்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "அது அவர்கள் ஊர் வழக்கமாம். யாரையும் கேட்காமல் செய்துவிட்டாராம்."

"கலாஸ்" என்றார் என்ஜினியர். முடிந்தது என்று அர்த்தம். அந்த ஒரு அரபிச் சொல் மேஸ்திரிக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஊரில் அவருடைய சொந்த வீடு பாதிச் சுவரோடு நிற்பதாக எப்போதோ சொல்லியிருந்தார். வேனில் ஏறும்போது என் தோளைத் தட்டினார். "நீங்க உள்ளத சொல்லியும் அந்த ஆளு கேக்கல பாருங்க. விடுங்க தம்பி, மனசுல வச்சுக்காதீங்க."

அந்தக் கை பட்ட இடத்தை அன்று ராத்திரி சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குளித்தேன். அருவருப்பு அவர்மேல் இல்லை. அதற்குப் பிறகும் எட்டு வருஷம் அதே கம்பெனியில் இருந்தேன், பதவி உயர்வும் வாங்கினேன். என்னை நினைத்தால் இன்றும் எனக்குக் குமட்டும்.

"என்னங்க எழுதியிருக்கு?" என்று மனைவி பலகையைக் காட்டினாள். அவளுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது.

"முத்து வியாபாரி காலத்துல யாரோ சாயத்தக் கொட்டிட்டாங்களாம்" என்றேன். பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது.

"அடப் பாவமே, கொட்டுனவன் என்ன பாடுபட்டானோ" என்றாள்.

"யாருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்கு நடந்தேன்.