குடிக்காமல் வைத்த காபி

அரபு நாட்டுச் சர்கா நகரில் உம்மு ஹைதம் பகலில் ஏழு குழந்தைகளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். தாய்மார் தந்த விலாசம், போன் நம்பர், வீட்டுச் சண்டை எல்லாம் ஒரு நோட்டில் உண்டு. நோட்டு இருப்பது அழுக்கு டயப்பர் மூட்டைக்கு அடியில். அங்கே கைவிட எவருக்கும் துணிச்சல் வராது.

ஒருநாள் அந்த ஏழில் ஒரு குழந்தையான ஜூதின் அத்தை சுஹைலா வந்தாள். அடிக்கிற கணவனை விட்டு ஜூதின் தாய் வேறு வீடு போயிருந்தாள். அந்தப் புது விலாசம்தான் சுஹைலாவுக்கு வேண்டும். கொடுத்த காபியைத் தொடாமல் கீழே வைத்தாள். விருந்தாளி அப்படி வைத்துவிட்டால், கேட்டதைக் கொடுக்காமல் அனுப்புவது வீட்டுக்காரிக்குப் பெரிய அவமானம்.

"விலாசத்தச் சொல்லுக்கா, குடிக்கிறேன்."

"அது என்னை நம்பிக் குடுத்த அமானிதம்மா. நாளைக்கு அல்லாஹ் கேப்பான்."

"என் தம்பி பொண்டாட்டி விலாசம் எனக்கில்லாம யாருக்கு?"

"அவ தந்தா வாங்கிக்க."

"அப்போ காபி இப்படியேதான் கிடக்கும். ஊரெல்லாம் சொல்லுவேன்."

உம்மு ஹைதம் பிஸ்மி சொல்லிக் கோப்பையை எடுத்தாள். ஒரே மடக்கில் தானே குடித்தாள்.

"சொல்லு. ஏலக்காய் தூக்கலா, நல்லாருந்துச்சுன்னும் சேத்துச் சொல்லு."