சவுண்ட் கார்டைப் போட்டுக் காட்டச் சொன்னேன்

கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் தலையாட்டி வாங்கி வந்துகொண்டிருந்த ஆள் நான். ஒரு மாலைதான் முதல்முறையாக ஆட்டவில்லை.

2002 வாக்கில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் சத்தம் வரவைக்கும் சவுண்ட் கார்டு போய்விட்டது. மகனுக்கு கேம், கணவருக்குப் படம், துணி தைக்கும்போது எனக்குப் பாட்டு, எல்லாம் அதில்தான். தேரடி வீதியில் ஒரு கடைக்குப் போனோம்.

கடைக்காரர் கணவரிடமே பேசினார். "சார், எல்லாத்துக்கும் இந்தப் பெரிய கார்டுதான். கம்மி விலை கார்டு கரகரன்னு இழுக்கும்."

"ரெண்டையும் போட்டுக் காட்டுங்க," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

"இது என்னம்மா பல்பா, எரிய வெச்சுக் காட்ட?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "வா போலாம், மானம் போவுது," என்றார் கணவர். முகம் சுட்டது. நான் நகரவில்லை.

"பல்பையே எரிய வெச்சுதான குடுக்கறாங்க. இதுக்கு மட்டும் ஏன் கூடாது?" என்று கேட்டு, வயர்கூடையில் கொண்டு போயிருந்த எங்கள் வீட்டு ஸ்பீக்கர்களை எடுத்து மேசையில் வைத்தேன்.

முணுமுணுத்தபடியே அவர் கடைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு கார்டாக மாட்டினார். ஒரு பாட்டு, ஒரு சண்டைக் காட்சி, ஒரு கார் ரேஸ். கண்ணை மூடிக் கேட்டேன். இரண்டு கார்டிலும் ஒரே சத்தம்தான்.

"பெரிய கார்டுக்கு அஞ்சு ஸ்பீக்கர் இருந்தாத்தான் வித்தியாசம் தெரியும்மா."

"எங்க வீட்ல ரெண்டுதாங்க. கம்மி விலையே குடுங்க."

கடையில் வாய் திறக்க எனக்கு இன்றும் கூச்சம்தான். ஆனாலும் கேட்டுவிடுகிறேன். சிரிப்பவர்கள் சிரித்து முடிக்கட்டும். அதுவரை அங்கேயே நிற்கிறேன்.