யோசப்பின் தான்சானியா போன கதை

யோசப்பினுக்கு ஆபிரிக்கா என்றால் சிங்கமுமில்லை, யானையுமில்லை, தங்கச்சி அமலினிதான். மன்னாரில் பத்தொன்பது வயதில் கன்னியர் மடத்தில் சேர்ந்தவளைச் சபை தான்சானியாவுக்கு அனுப்பிவிட்டது. பிறகு நாட்டுச் சண்டை அக்காவை இத்தாலியில் பலெர்மோவுக்குத் துரத்தியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பதின்மூன்று வருசம்.

தொண்ணூற்றேழில் பங்குக் கோயிலிலிருந்து ஒரு குழு அமலினி இருக்கும் மிஷனைப் பார்க்கப் போகிறது என்று கேள்விப்பட்டாள். வியா மக்வேதா தெருவில் அவள் வேலை செய்த வீட்டு எசமானி சிஞ்ஞோராவும் போவதாக இருந்தது. முழங்கால் நோவுக்காரிக்குக் கைபிடிக்க ஆள் தேவை. நான் வாறன் என்று யோசப்பின் போய் நின்றாள். பெர்மெசோ என்ற வதிவிட அனுமதி அந்த வருசந்தான் கிடைத்திருந்தது. போனால் திரும்பி வரலாம்.

முதல் இரண்டு நாள் சஃபாரி, அடுத்த இரண்டு நாள் மிஷன் என்பது ஏற்பாடு. கூரை திறந்த ஜீப்பில் எல்லாரும் கமராவும் கையுமாக நின்றார்கள். ஒட்டகச்சிவிங்கி ஒன்று தண்ணீர் குடிக்க முன்னங்கால்களை அகட்டிக் குனிந்தபோது யோசப்பினுக்கும் சிரிப்பு வந்தது. இதை அமலினி எத்தனை தரம் பார்த்திருப்பாளோ என்று நினைத்தாள்.

இரண்டாம் நாள் முடிந்தும் சிறுத்தை கண்ணில் படவில்லை. இன்னொரு நாள் நிற்கலாம், மிஷனுக்கு ஒரு நாள் போதும் என்றாள் சிஞ்ஞோரா. மற்றவர்களும் தலையாட்டினார்கள். யோசப்பின் அதுவரை அவள் சொல்லைத் தட்டியதில்லை. அன்று நேரே குழுவைக் கூட்டிவந்த பாதரிடம் போய், நான் சிறுத்தை பார்க்க வரவில்லை, தங்கச்சியைப் பார்க்க வந்தேன் என்று தனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னாள். மறுநாள் விடிய பாதர், மாமூட்டை ஏற்றிக்கொண்டு மிஷனுக்குப் புறப்பட்ட லொறியில் அவளை ஏற்றிவிட்டார்.

மிஷன் மருந்தகத்து வாசலில் கறுத்து மெலிந்த ஒரு கன்னியாஸ்திரி சுவாகிலியில் வரவேற்றாள். வந்தவள் யாரென்று தெரிந்ததும் கையிலிருந்த குழந்தையைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு அப்படியே நின்றாள். பேச வாயெடுத்தாள், தமிழ் வரவில்லை.

"சொல்லு வருதில்லையக்கா," என்றாள் கடைசியில். "நீ கதை. நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

யோசப்பின் கதைத்தாள். சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் தோடம்பழம் பிடுங்கியது, சிஞ்ஞோராவின் கோபம், ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கருவாடு விற்கும் கடை என்று வாய்க்கு வந்ததையெல்லாம். அமலினி நோயாளிகளுக்கு மருந்து கட்டியபடி கேட்டாள். பின்னேரமாகும்போது அவள் வாயிலும் தமிழ் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. சஃபாரிக் காட்டுக்குத் தான் ஒருநாளும் போனதில்லை என்றாள்.

அடுத்த நாள் குழு வந்து சேர்ந்தது. சிறுத்தையைக் கண்ட சந்தோசத்தில் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தைப் பார்த்தார்கள், பிள்ளைகள் பாடினார்கள், படம் எடுத்தார்கள். புறப்படும்போது யோசப்பின் தங்கச்சியின் கையை விடவில்லை.

"என்னோடை வந்திடன்."

"இதுகளை விட்டிட்டு எங்கையக்கா வாறது?"

அது சரியென்று யோசப்பினுக்கும் தெரிந்தது. தெரிந்தும் கையோடு பலெர்மோவுக்குக் கொண்டுபோய்விடலாம் என்பதுபோல் அவளை இழுத்து அணைத்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்த பிறகு, சிஞ்ஞோராவின் உடுப்புகளை அயன் பண்ணி மினுக்கும்போது கசெற் ரெக்கோடரைப் பக்கத்தில் வைத்துக் கதைக்கத் தொடங்கினாள். ஒரு பக்கம் முடிந்தால் மறுபக்கம். நிறைந்ததைத் தங்கச்சிக்குத் தபாலில் போடுவாள். பதில் வர மாதங்கள் ஆகும், சிலவேளை வராது. அடுத்த வருசமும் போவீர்களா என்று பாதரைக் கேட்டாள். அடுத்தமுறை பிரேசில் என்றார் அவர். யோசப்பின் சரி என்று சொல்லிவிட்டு, வரும் வழியில் புதுக் கசெற் ஒன்று வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனாள்.