வாய்க்காலில் மாப்பிள்ளை கை

சித்தியைப் பெண் பார்க்க வந்த அன்றே மாப்பிள்ளை கையைச் சுட்டுக்கொண்டார். எண்பதுகளின் தொடக்கம், எனக்கு ஏழு வயது.

அம்மாவின் தங்கையான சித்தி, சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் விபத்துப் பிரிவில் நர்ஸ். விடுப்பில் ஜேடர்பாளையத்துக்கு வந்திருந்தாள். ஜாதகம், தோட்டம், மாப்பிள்ளையின் சூரமங்கலம் ரயில்வே வேலை எல்லாம் பொருந்தியிருந்தன. இடித்தது ஒன்றுதான். காப்பி டம்ளரைக் கீழே வைக்கும் முன்பே மாப்பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டார்: "கல்யாணமான பொறவு அந்த ரத்தம் தொடைக்கிற வேலை வேண்டாமுங்க."

சித்தியின் அப்பா, என் தாத்தா, தலையாட்டினார். சித்தியை யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் பின்னால் வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். விருந்தாளிகளுக்குச் சுடுபாகு கொடுக்க அழைத்துப் போனோம். தனக்கும் தோட்டங்காட்டு வேலை தெரியும் என்று காட்ட நினைத்தாரோ என்னவோ, மாப்பிள்ளை அகப்பையைத் தானே வாங்கினார். கொதிக்கும் பாகு இடது புறங்கையில் வழிந்தது.

அவர் போட்ட சத்தத்தில் சித்தி பட்டுப்புடவையோடு ஓடிவந்தாள். ஒட்டிய பாகைப் பிய்க்கப் போன வேலையாளைத் தள்ளினாள். கை வீங்கும் முன் கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி என்னிடம் கொடுத்தாள். மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் வாய்க்கால் தண்ணீரில் அமுக்கினாள்.

"ஐயோ, தண்ணி பட்டா கொப்பளிச்சுப் போயிருமே! இட்லி மாவு கொண்டாங்க சாமி!" என்று அலறினார் மாப்பிள்ளையின் அம்மா.

"மாவு இட்லிக்கு இருக்கட்டுங்க அத்தை," என்றாள் சித்தி, திரும்பாமலே. "சுத்தமான வேட்டித்துணி ஒண்ணு கொண்டாங்க, போதும்."

துணி தேடி எல்லோரும் வீட்டுக்குள் ஓடினார்கள். கரையில் நாங்கள் மூவர். பாகு மெல்லக் கரைந்தது. மாப்பிள்ளையின் முனகலும் நின்றது.

"வேலைய உடோணும்னு சொல்றது உங்கம்மாங்களா, நீங்களா?"

"கையை எடுத்துக்கலாமுங்களா?"

"பதில் சொல்லிப்போட்டு எடுங்க."

தலையைத் தூக்கிச் சித்தியைப் பார்த்தார். "வேலைக்குப் போங்க. அம்மாகிட்ட நான் பேசிக்கிறனுங்க."

"சரி, எடுங்க."

அவர் எடுக்கவில்லை. சித்தியும் மணிக்கட்டை விடவில்லை.

இன்று நானும் விபத்துப் பிரிவில்தான் வேலை பார்க்கிறேன். சுட்ட கையை எவ்வளவு நேரம் தண்ணீரில் வைக்க வேண்டும் என்று தெரியும். அன்று தெரியாது. அவருக்கு இன்னும் எரிகிறது போல, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.