வலை கட்டச் சொன்னேன்

கட்டட வேலைத்தளங்களில் பாதுகாப்பு விதிகள் நடக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை.

சாய்ந்தமருதில் ஒரு மூன்றாம் மாடி. எல்லோருக்கும் அண்ணன் முறையான மேசன் றிஸ்வி காக்கா மூங்கில் சாரத்தில் நின்று கல் வைக்கிறார். விழுந்தால் தாங்க நேற்றுக் கீழே வலை இல்லை. "வலை கட்டாம நாளைக்கு வேலை நடக்காது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று காலை வலை கட்டியிருந்தார்கள். மீன்பிடி வலை, மிதவைகளோடு.

"காக்கா, இது மீனுக்குரிய வலை."

"சுறாவே தப்பாத வலை சேர். நான் சுறாவ விடப் பாரமா?" என்றார் மேலிருந்து.

அதற்குள் வலைக்குச் சொந்தக்காரர் ஓடிவந்தார். "கடல்ல மீன் கூட்டமா நிக்கிது! வலையக் கழட்டுங்க!"

"மேல ஆள் நிக்கிறார்."

"மனிசன் நாளைக்கும் விழலாம் தம்பி. மீன் நாளைக்கு நிக்குமா?"

இதைக் கேட்ட காக்கா மளமளவென்று இறங்கினார். உயிர்ப் பயம் வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன்.

"வலை இழுக்க ஆள் காணாதே, நாங்களும் வேணுமே சேர்!" என்றபடி கடற்கரைக்கு ஓடினார். மற்ற வேலையாட்களும் வலையைக் கழற்றிக்கொண்டு பின்னால் ஓடினார்கள்.

இப்போது தளத்தில் தலைக்கவசத்தோடு நான் மட்டும் நிற்கிறேன். யாரும் விழவில்லை. விழுவதற்கும் யாருமில்லை.

இன்றைய அறிக்கையில் "பூரண பாதுகாப்பு" என்று எழுதலாமா?