இரைச்சல் விழுங்கிய பெயர்

ரேடியோ ரிசீவரின் மிக்சர் சுற்றில் இரைச்சலைக் குறைப்பதுதான் என் வேலை. வானலையில் வரும் குரலைக் கேட்கும்படி மாற்ற உதவும் பகுதி அது. சரியாக அமையாவிட்டால் அதுவே இரைச்சலையும் கலந்துவிடும். இன்று சோதனையில் அந்த 'உஸ்' சத்தம் எழுந்ததும், இலங்கையில் சின்ன வயதில் நாங்கள் இருந்த தெரணியகலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவுக்கு, வரிசை வீட்டின் அந்த ஒற்றை அறைக்கு, நினைவில் போய்விட்டேன்.

அன்று ரேடியோவில், கொழும்பில் குண்டு வெடித்ததாகச் செய்தி. இடத்தைச் சொல்லும்போது இரைச்சல் பெயரை விழுங்கிவிட்டது. கொழும்பில் கார்மெண்ட் தொழிற்சாலையில் வேலை செய்த அக்கா, தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்காக அன்றுதான் வீட்டுக்கு பஸ் ஏறுவதாக இருந்தாள்.

அப்பா ஏரியலை விரலால் பிடித்து மூச்சை அடக்கிக்கொண்டார்.

"எந்த எடம்னு சொன்னாங்க?" என்றாள் அம்மா.

"பேசாம இரு புள்ள, மறுபடி சொல்லுவாங்க."

சொல்லவில்லை. அம்மா சந்திக் கடைக்கு ஓடினாள். பின்னாலேயே நானும் ஓடினேன். சிங்களச் செய்தி கேட்டிருந்த முதலாளி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பஸ் ஸ்டாண்டு பக்கம்."

மறுநாள் மத்தியானம் அக்கா வந்து இறங்கினாள். ஓவர்டைம் போட்டதால் முந்தின நாள் புறப்படவே இல்லையாம். அம்மா அவள் கை, கால், தலையெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, "இனிமே அங்க போவாத" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

திருவிழா முடிந்ததும் அக்கா திரும்பிப் போனாள். அதன்பிறகு செய்தி நேரத்தில் எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை.