அசையாத மஃப்ளர்

மெட்ராஸில் உட்கார்ந்து உல்லன் மஃப்ளர் பின்னினேன் என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள். பாண்டி பஜார் ஃபேன்சி ஸ்டோர்காரரும் சிரித்தார். "இன்னாம்மா, ஊட்டிக்கு மாத்தலா? இவ்ளோ உல்லன் யாருக்கு?" என்றார். அப்பாவுக்கு என்றேன். "அப்ப சரி. மார்கழில பனி ஜாஸ்தி, தொண்டைய கட்டிக்கும்" என்று அவரே ஒரு காரணத்தையும் எடுத்துக் கொடுத்தார். பிறகு நாங்கள் ஊருக்கெல்லாம் சொன்னது அந்தக் காரணத்தைத்தான்.

நிஜக் காரணம் வேறு. அந்த வருடம் ஆனி மாதம் அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆனது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில் ஒரு ஓட்டை. இனி மூச்சு அது வழியாகத்தான். மூக்கு சும்மா முகத்துக்கு. ஓட்டையின் மேல் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணி மட்டும்தான் கட்ட வேண்டும், தூசி துரும்பு உள்ளே போகக் கூடாது என்று நர்ஸ் எனக்கும் அம்மாவுக்கும் மூன்று தடவை சொல்லி அனுப்பினார்.

அப்பா ரங்கநாதன் தெருவில் ஒரு ஜவுளிக் கடையில் இருபது வருடத்துக்கு மேல் புடவைப் பிரிவில் நின்றவர். "பாருங்கம்மா, சும்மா பாத்துட்டுப் போங்க" என்று அவர் கூப்பிட்டால் தாண்டிப் போனவர்களும் திரும்பி வருவார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டித்தான் பேசினார். அவரோடு பஸ்ஸில் போனால் எதிரே நிற்பவர்கள் எல்லாம் அவர் கழுத்தையே பார்ப்பார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த வெள்ளைத் துணி உள்ளே இழுபட்டு வெளியே வரும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். எனக்கு வெட்கமாக இருந்தது. பெற்ற அப்பாவைப் பார்த்து வெட்கப்பட்டேன் என்று எழுத இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

ஆவணியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று என்று என்னைப் பெண் பார்க்க இரண்டு இடம் வந்தது. இரண்டு பேரும் என்னைப் பார்த்ததைவிட அப்பாவின் கழுத்தைப் பார்த்ததுதான் அதிகம். வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை. எனக்கு இருபத்தெட்டு முடியப் போகிறது என்று அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்று சத்தமாகவே சொல்ல ஆரம்பித்தாள்.

மார்கழியில் மூன்றாவது இடம் வந்தது. தை பிறந்ததும் வந்து பார்க்கிறோம் என்றார்கள். அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அப்பாவ அன்னிக்கு ஒரு நாள் மட்டும் ஆதம்பாக்கத்துல சித்தப்பா வீட்டுல விட்டுரலாமா?" என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்பா உயிரோட இருக்கிறப்பவே இல்லாதவரா ஆக்குறியா? நல்லா இருக்கும்மா நீ பேசுறது" என்று கத்தினேன். அப்பாவை ஒளிக்க வேண்டாம், கழுத்தை மட்டும் மறைத்தால் போதும் என்றேன். எனக்கு என்னவோ ரொம்பப் பெரிய மனசு என்று பெருமையாகக்கூட இருந்தது.

பள்ளிக்கூடத்தில் கைவேலை வகுப்பில் பின்னக் கற்றிருந்தேன். மெல்லிசாகப் பின்னினால் மூச்சுக்கு ஆடும். அதனால் மூன்று இழையைச் சேர்த்துப் பிடித்து, பென்சில் தடிமன் ஊசியில், ஒற்றைப்படையாகக் கண்ணி ஏற்றினேன். எல்லா வரியும் ஒரு கண்ணி நேராக, அடுத்த கண்ணி புரட்டி; நிட், பர்ல் என்பார்கள். அப்படியே போனால் பாகற்காய்த் தோல் மாதிரி முண்டும் முடிச்சுமாக எழும்பும். உள்ளே என்ன அசைந்தாலும் மேலே தெரியாது. எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது என்று இறுக்கி இறுக்கிப் பின்னினேன்.

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். துணி எதைக் கண்டாலும் அவர் விரல் சும்மா இருக்காது. பின்னின வரைக்கும் எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். விரலில் பச்சைப் பிசிறு ஒட்டியது. ஊதித் தள்ளுவதற்காக உதட்டைக் குவித்தார்; காற்று வரவில்லை. வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுதினார்: "பாட்டில் பச்சை. நல்ல கலர்." துணியோடு வாழ்ந்த மனிதருக்கு அந்தப் பிசிறு எங்கே போகும் என்று தெரியாமலா இருந்திருக்கும்? எனக்குத்தான் உறைக்கவில்லை. மூச்சு கழுத்தில் என்று தெரிந்திருந்தும், மூக்கும் வாயும் திறந்துதானே இருக்கிறது என்று மனசு பழைய பழக்கத்திலேயே இருந்தது.

தை முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பையனும் அவன் அம்மாவும் தாய்மாமாவும் வந்தார்கள். அப்பா வெள்ளைத் துணியை அவிழ்த்துவிட்டு மஃப்ளரை இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கும்பிட்டார், சிரித்தார். "பனில தொண்ட கட்டிருச்சு, பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு" என்றாள் அம்மா. "எனக்கும் அதே கதைதான். மூணு நாளா ஆவி புடிச்சிக்கினு கீறேன்" என்றார் தாய்மாமா.

நான் காபித் தட்டோடு வந்தேன். பையனைப் பார்க்கவில்லை, மஃப்ளரைத்தான் பார்த்தேன். அசையவே இல்லை. அப்பாடா என்று இருந்தது. அந்த ஒரு நிமிடச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே பிடிக்காமல் போகிறது.

பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். கண் சிவந்து நீர் கட்டியிருந்தது. உதடு கறுத்திருந்தது. மஃப்ளரை இழுத்துத் தளர்த்த ஒரு நொடி போதும். அவர் கை நாற்காலியை விட்டு எழும்பவில்லை. மெதுவாக எழுந்தார், எல்லோரையும் பார்த்துத் தலையாட்டினார், அடுப்படியைத் தாண்டிக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அதற்கப்புறம்தான் இருமல் கேட்டது. குரல் இல்லாத இருமல், வெறும் காற்று.

"ஒரு பாட்டு பாடேம்மா" என்றாள் அம்மா, அவசரமாக. அவள் கண் என்னைக் கெஞ்சியது.

பாடினேன். கதவுக்குப் பின்னால் அப்பா மூச்சுக்குத் திண்டாடிக்கொண்டிருக்க, நான் பாயில் உட்கார்ந்து சாமி பாட்டு பாடினேன். இருமல் நிற்கிற வரைக்கும் நிறுத்தவில்லை, முடிந்த சரணத்தையே மறுபடி பாடினேன். நல்ல குரல் என்றாள் பையனின் அம்மா. பிடித்திருக்கிறது என்று அங்கேயே சொல்லிவிட்டுப் போனார்கள்.

நான் ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். அப்பா திறந்தார். ஓட்டையைச் சுற்றிச் சளியும் லேசாக ரத்தமும், அதில் பச்சைப் பிசிறும் ஒட்டியிருந்தன. ஈரத் துணியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். "மன்னிச்சிருப்பா, மன்னிச்சிருப்பா" என்று அழுதேன். அவர் சட்டைப் பையிலிருந்து பில் புத்தகத்தை எடுத்து எழுதினார்: "பாத்துட்டாங்களா?"

"இல்லப்பா" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. வெளியே வந்து உட்கார்ந்து மஃப்ளரை மடியில் போட்டு, கடையில் புடவை மடிப்பது போல ஓரத்தோடு ஓரம் சேர்த்து நான்காக மடித்தார். உள்ளங்கையால் நீவி என்னிடம் நீட்டினார். மறுபடி எழுதினார்: "பத்திரமா வை. கல்யாணத்துக்கு ஆகும்."

வாங்கிக்கொண்டு போய் பீரோவில் வைத்தேன். வேண்டாம்ப்பா என்று அப்போதும் நான் சொல்லவில்லை.